தாயம்: அரசுரிமை விளையாட்டு ஒன்றை முன்வைத்து

தாயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்து சேரும் உரிமைப்பொருள் தாயம். கட்டையை உருட்டுகையில் விழும் எண்ணும் தாயம். தந்தைவழி உறவினரைத் தாயாதி என்றும் பங்காளி என்றும் அழைக்கின்ற மொழி நம்முடையது. உடன்பிறந்தவன் பங்குக்கு உரியவன். ஆதலின் என்றேனும் ஒருநாள் பங்கு கேட்டு வாசலில் நிற்பவன். இவ்வுண்மையை உறவுப் பெயருக்குள்ளேயே நம் முன்னோர் பொதிந்து வைத்தனர். உரிமையையும் உருட்டு விளையாட்டையும் ஒரே சொல்லால் சுட்டிய அவர்தம் நுண்ணறிவை, ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்று நமக்கு இன்று நினைவூட்டுகின்றது.

இலக்கியத் திங்களிதழில் கணினி விளையாட்டுக்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். நாவலும் நாடகமும் ஒரு மாந்தன் எடுத்த முடிவை நமக்குக் காட்டுகின்றன. விளையாட்டோ முடிவை நம்மையே எடுக்கச் சொல்கின்றது. எடுத்த முடிவின் விளைவை நம் கண்முன் நிறுத்தவும் செய்கின்றது. நம் இல்லங்களின் இளையோர் நள்ளிரவு தாண்டியும் அதில் ஆழ்ந்திருக்கின்றனர் என்றால், அஃது எந்த அறத்தை அவர்களுக்குப் பழக்குகின்றது என்று ஆராய்வது திறனாய்வின் கடமையே ஆகும்.

நாம் எடுத்துக்கொள்வது 'குருசேடர் கிங்ஸ்' என்னும் விளையாட்டு. சுவீடன் நாட்டைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் இதன் முதல் பதிப்பை 2004-இலும், இரண்டாவதை 2012-இலும், மூன்றாவதை 2020-இலும் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பே நம் ஆய்வுக்குரியது. கி.பி. 867, 1066 போன்ற தொடக்க ஆண்டுகளுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஒரு குறுநில மன்னனாகவோ பேரரசனாகவோ ஆடத் தொடங்கலாம். அவன் மணம் புரிகின்றான், மக்களைப் பெறுகின்றான், போரிடுகின்றான், நோயுறுகின்றான், இறக்கின்றான். ஆனால், அவனுடைய இறப்போடு ஆட்டம் முடிவதில்லை. அவனுடைய முதன்மை வாரிசாக நாம் மறுபிறவி எடுத்தாற்போல் ஆடிச் செல்கின்றோம். அக்குலத்தில் வாரிசே இல்லாது போனால் ஆட்டம் முற்றுப்பெறும். இல்லையேல் 1453 வரை நீளும். இதுதான் வெற்றி என்று வரையறுத்த இலக்கு ஏதும் இதில் இல்லை. குலம் தழைப்பதொன்றே குறிக்கோள். எனவேதான் போர்முறையைக் காட்டிலும், வரிமுறையைக் காட்டிலும், வாரிசுரிமைச் சட்டமே இவ்விளையாட்டின் இதயமாக அமைந்துள்ளது.

சட்டங்கள் பல. தொடக்க நிலையில் பெரும்பாலான மன்னர்க்கு வாய்ப்பது கூட்டுப் பங்கீடு. நிலமும் பட்டங்களும் மக்களிடையே பிரிக்கப்படும். இன்னும் உருவாக்கப்படாத ஓர் அரசுப் பட்டத்துக்குப் போதிய நிலம் கையிலிருப்பின், அப்பட்டமும் புதிதாகப் பிறந்து இளைய மகனைச் சேரும். தந்தை ஒன்றாக்கியதை மரணம் இரண்டாக்கும். இதற்கு அடுத்த படியான பங்கீட்டில் புதிய பட்டம் பிறப்பதில்லை. அதற்கும் மேலான படியில் முதன்மை வாரிசுக்குப் பாதிக்குக் குறையாமல் கிட்டும். இவற்றைக் கடந்து, அனைத்தும் ஒருவனுக்கே என்னும் தலைமகனுரிமை உண்டு, கடைமகனுரிமை உண்டு, குலத்தின் மூத்தோர்க்கு உரிமை தரும் முறை உண்டு. பெருங்குடியினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறைகளும் உண்டு. தலைமகனுரிமையைப் பெரும்பாலான அரசுகள் பின்னை இடைக்காலத்துக்குரிய சட்ட அறிவு வளர்ந்த பின்னரே அடைய முடியும். ஆக, ஆட்டத்தின் முதல் சில நூற்றாண்டுகள் முழுதும், கட்டியதைப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சாகும் தந்தையராகவே நாம் வாழ்கின்றோம்.

இங்குதான் இவ்விளையாட்டு வரலாற்றோடு நேருக்குநேர் நிற்கின்றது. பேரரசர் சார்லமேனின் மகன் பக்தியுள்ள லூயி, 817-இல் ஓர் ஒழுங்குமுறையை வகுத்தார். பேரரசு சிதறாது மூத்தவர் லொத்தேருக்கு. இளையோர் இருவர்க்கும் அவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசுகள். திருச்சபையின் ஒற்றுமைக்கு நிழலாகப் பேரரசின் ஒற்றுமையும் நிலைக்கவேண்டும் என்று அக்கால ஆயர் பலர் அதனை வரவேற்றனர். தம் உரிமைக்கு அதனால் ஊறு நேரும் என்று அஞ்சிக் கிளர்ந்த அண்ணன் மகன் பெர்னார்டின் கண்கள் பறிக்கப்பட்டன. அவர் 818-இல் மாண்டார். அப்பழியின் சுமை தாளாது 822-இல் அத்தினி நகரில் லூயி அனைவரும் காணத் தவமுயற்சி மேற்கொண்டார். அதற்கு மறு ஆண்டு, இரண்டாம் மனைவி யூதித்து ஓர் ஆண்மகவை ஈன்றார். சார்லஸ் என்று பெயரிடப்பெற்ற அக்குழந்தைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தந்தை எண்ணிய அளவில், 817-இன் ஒழுங்குமுறை நொறுங்கியது. மூத்த மக்கள் தந்தைக்கு எதிராக வாளேந்தினர். 840-இல் அவர் இறந்தபின், 841-இல் ஃபோந்தெனுவா களத்தில் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் எதிர்த்தனர். 843-இல் வெர்டன் உடன்படிக்கை பேரரசை மூன்றாகக் கிழித்தது. ஒரு தொட்டிற் குழந்தை, ஒரு பேரரசின் சட்டத்தை அழித்தது.

867-இல் ஆடத் தொடங்குவோர் காணும் மேற்கு ஐரோப்பிய வரைபடம் இக்கிழிசலின் தொடர்ச்சியே. இவ்விளையாட்டை ஆடியோர் யாவரும் அறிந்த உணர்வு ஒன்றுண்டு. முதல் மகன் பிறக்கையில் மகிழ்ச்சி. இரண்டாம் மகன் பிறக்கையில் ஆறுதல். மூத்தவன் இறப்பின் குலம் அற்றுப்போகாது அன்றோ! மூன்றாம் மகன் பிறந்த செய்தி திரையில் தோன்றுகையில் மனம் சோர்கின்றது. நான்காமவன் பிறப்பின் அஃது இழவுச் செய்தியாகவே ஒலிக்கின்றது. மழலையை அல்ல, மாவட்டம் ஒன்றின் இழப்பையே நாம் காண்கின்றோம். பிறகு நம் மனம் கணக்கிடத் தொடங்குகின்றது. இளையவனைப் போர்முனைக்கு அனுப்பலாமா? குலத்தின் புகழைச் செலவிட்டு அவனது உரிமையைப் பறிக்கலாமா? உணவில் நஞ்சு கலப்பதற்கு ஆள் கிட்டுமா? ஆட்டக்காரர் தம்முள் இவ்வுத்திகளைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்துகொள்வர். அச்சிரிப்பின் அடியில் கிடப்பது காயினின் வினா.

இதனை விளையாட்டின் குற்றமாக நாம் கூறவில்லை. இதுவே அதன் உண்மை என்கின்றோம். வாரிசுரிமைச் சட்டம் என்பது ஏட்டில் உறங்கும் எழுத்தன்று. அஃது ஒரு வீட்டுக்குள் புகுந்து, தந்தை மகனைப் பார்க்கும் பார்வையையே மாற்றவல்லது. எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கின்றோமோ, அந்தச் சட்டத்தின் கண்கொண்டே பிள்ளைகளைக் காணப் பழகிவிடுகின்றோம். பாகப்பிரிவினை பற்றி அறநூல் பல உரைத்தும் நம் நெஞ்சில் தைக்காத இவ்வுண்மையை, ஒரு மாலைநேர ஆட்டம் தைக்கச் செய்துவிடுகின்றது. தன்னியல்புக்கு மாறாகக் கொடுமை புரியும் மன்னனுக்கு மனவழுத்தம் ஏறும் என்றும், உறவைக் கொன்றவன் என்னும் பழி அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்றும் அமைத்திருப்பது, ஆக்கியோரின் அறவுணர்வுக்குச் சான்று. ஆயினும் இரக்கமுள்ளவனை வருத்தும் அதே செயல் கொடியவனை வருத்துவதில்லை. மனச்சான்று இங்கு மனிதர் அனைவர்க்கும் பொதுவன்று. குணங்களுள் ஒன்றாகச் சிலர்க்கு மட்டும் வாய்ப்பது. இதனை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

கத்தோலிக்க வாசகர் ஊன்றி நோக்கவேண்டிய மற்றொன்று, துறவு பற்றிய சித்திரிப்பு. மிகுதியான மகனை என்செய்வது? துறவற வார்த்தைப்பாடு எடுக்குமாறு அவனைக் கேட்கலாம். அவன் இசைந்தால் வாரிசுப் பட்டியலிலிருந்து அவன் பெயர் நீங்கும். நஞ்சைவிட இது நாகரிகமான வழி! இறையழைத்தல் இங்கு இறைவனின் குரலன்று. ஒரு கூட்டல் கழித்தல். நமக்கு இது கசக்கின்றது. ஆனால், வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கின்றது. வெர்டனில் பங்கு பெற்ற அதே சார்லஸ், பின்னாளில் தம் மகன் கார்லோமானை இளமையிலேயே திருப்பணிக்கு ஒப்படைத்தார். நிலம் வேண்டிக் கிளர்ந்த அம்மகனின் கண்கள் 873-இல் பறிக்கப்பட்டன. தாம் பிறப்பதற்கு முன் தந்தையின் ஆட்சியில் நேர்ந்த கொடுமையை, அச்சார்லஸ் தம் மகனுக்கே செய்தார்.

தூர்ஸ் நகர் ஆயர் கிரகோரி எழுதிய பிராங்கியர் வரலாற்றில் இதனினும் பழைமையான நிகழ்ச்சி ஒன்று உள்ளது. மன்னர் குளோவிஸ் 511-இல் மறைந்தபின் அரசு நான்கு மக்களிடையே பங்கிடப்பட்டது. அவர்களுள் குளோடோமர் போரில் மடிய, அவருடைய சிறு பிள்ளைகள் மூவர் பாட்டி குளோத்தில்தாவிடம் வளர்ந்தனர். சிற்றப்பன்மார் இருவர் பிள்ளைகளைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டு, பாட்டியிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினர். பிராங்கிய அரச குலத்தார்க்கு நீள்முடியே அரசுரிமையின் அடையாளம். முடி களைந்து வாழ்வதா, வாளுக்கு இரையாவதா? துயரத்தால் நிலைகுலைந்த அம்மூதாட்டி, அரசாளாது முடியிழந்து வாழ்வதினும் அவர்கள் இறப்பதே மேல் என்று சொல்லிவிட்டார். சிறுவர் இருவர் கொல்லப்பட்டனர். மூன்றாமவர் குளோடோவால்து தப்பினார். பின்னர் அவர் தம் கையாலேயே தம் முடியைக் களைந்து இறைப்பணியை ஏற்றார். இன்று திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகின்றது. பாரிசுக்கு அருகிலுள்ள சான் குளூ நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கத்தரிக்கோல் ஒன்றே. சிற்றப்பன்மார் கையில் அது பங்கைக் குறைக்கும் கருவி. குளோடோவால்தின் கையில் விடுதலை. இவ்வேறுபாட்டை இவ்விளையாட்டு அறியாது. துறவு பூண்ட மகன் பட்டியலிலிருந்து நீங்கிய பின் அவனுக்குள் நிகழ்வது யாது என்று கேட்க அதற்குத் தெரியவில்லை. பக்தியும் இங்கு எண்ணாகச் சேர்ந்து எண்ணாகச் செலவாகும் நாணயமே.

தேர்தல் முறைகளையும் சிறிது காண்போம். 1356-இன் பொன் முத்திரைச் சாசனம், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எழுவர்க்கு வழங்கியது. அவர்களுள் மைன்ஸ், திரியர், கொலோன் ஆகிய நகரங்களின் பேராயர் மூவர். இத்தகைய முறையை விளையாட்டில் கைக்கொண்டால், அரசு பிளவுறாது. ஆனால் வாக்குரிமை பெற்றோரை ஓயாது மகிழ்வித்தாக வேண்டும். திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பதில் கர்தினால்களுக்கு முதன்மை தந்த ஆணை 1059-இல் பிறந்தது. மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்னும் விதி 1179-இன் மூன்றாம் இலாத்தரன் சங்கத்தில் வந்தது. விளையாட்டில் திருத்தந்தை உண்டு; ஆயின் நாம் அவராக ஆட இயலாது. ஆட்சி குருதிவழிச் செல்லாத இடத்தில் இவ்விளையாட்டுக்குக் கதை இல்லை. திருத்தந்தையர் சிலர் மருமக்களுக்குப் பதவி வழங்கிய வரலாற்றை மறந்து நாம் பெருமை பேசலாகாது. எனினும், தலைமைப் பொறுப்பு தந்தையின் சொத்தன்று என்னும் கொள்கையை அக்காலத்தில் ஒரு நிறுவனமேனும் ஏட்டளவில் காத்தது என்பதை விளையாட்டின் இவ்வெற்றிடமே நமக்குச் சொல்கின்றது.

இனி, மகளிர் உரிமை. ஆடவர்க்கு மட்டும், ஆடவர்க்கு முன்னுரிமை, இருபாலார்க்கும் சமம் என்றெல்லாம் சட்டத்தை அமைக்க விளையாட்டு இடந்தருகின்றது. இச்சட்டம் தன்னை இயற்றியவனையே எவ்வாறு தாக்கும் என்பதற்குப் பிரான்சு நாட்டு வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. 987-இல் முடிசூடிய ஊக் கப்பே வழியில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தந்தைக்குப்பின் மகன் என்னும் சங்கிலி அறுபடவில்லை. 1316-இல் தந்தை இறந்தபின் பிறந்த முதலாம் யோவான் ஐந்தே நாள் உயிர்வாழ, சங்கிலி அறுந்தது. அக்குழந்தையின் தமக்கை ஜான் இருக்க, சிற்றப்பன் ஐந்தாம் பிலிப்பு அரியணை ஏறினார். பிரான்சின் மணிமுடி பெண்ணுக்கு உரியதன்று என 1317-இல் அவை ஒன்று உரைத்தது. 1322-இல் பிலிப்பு இறந்தபோது அவருக்கு எஞ்சியோர் புதல்வியரே. அண்ணன் மகளைத் தடுக்க எழுப்பிய சுவர் தம் மகளிரையும் தடுத்தது. அவர் தம்பி நான்காம் சார்லசுக்கும் 1328-இல் அந்நிலையே நேர்ந்தது. தாய்வழியே உரிமை கோரிய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழக்கு, 1337-இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

மகனின்றி இறந்த தந்தையின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் நின்று நிலம் கேட்டதையும், அவர்கள் கேட்பது முறையே என்று ஆண்டவர் தீர்ப்பளித்ததையும் எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரம் உரைக்கின்றது. ஆயினும் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறித்தவப் பெண்டிர்க்கு 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்னும் தீர்ப்பை, மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல்தான் வழங்கியது. விவிலியத்தை நாள்தோறும் வாசித்த இல்லங்களில் அவ்வதிகாரம் மட்டும் எத்தனை தலைமுறை வாசிக்கப்படாது கிடந்தது!

விளையாட்டின் ஆழ்ந்த குறை எதுவெனில், ஆடுபவன் சாவதேயில்லை என்பதாம். மெய்வாழ்வில் உயில் எழுதுபவன் அதன் விளைவைக் காணமாட்டான். லூயி வெர்டனைக் காணவில்லை. பிறர் வாழப்போகும் சட்டத்தை, வாழாதிருக்கப்போகும் ஒருவன் எழுதுகின்றான். அவ்வுரிமையின் அச்சமும் பணிவும் அதிலேயே அடங்கியுள்ளன. விளையாட்டிலோ, தந்தையாகச் சட்டம் எழுதியவரும் நாமே. தலைமகனாக அதைத் துய்ப்பவரும் நாமே. எனவே இளையோர் எக்காலும் பிறராகவே இருக்கின்றனர். தந்தை உயிர்நீத்த நொடியில், நேற்றுவரை நம் பிள்ளைகளாக இருந்தோர் இன்று நம் பகைவர். 2024-இல் வெளிவந்த விரிவாக்கம் ஒன்று, நிலமின்றி அலையும் வீரனாகவும் வாழ வழி திறந்துள்ளமை வரவேற்கத்தக்கது. பங்கு மறுக்கப்பட்டவனின் கண்ணால் உலகைப் பார்க்க அஃது ஓரளவு உதவும். ஆயினும் அவனது வேட்கையும் பெரும்பாலும் நிலம் நோக்கியே திரும்புகின்றது.

கீவ் இளவரசர் போரிசு வேறு வழி சென்றவர். 1015-இல் தந்தை விளாதிமிர் மறைந்தபோது, தந்தையின் படைவீரர் அவரை அரியணை ஏறத் தூண்டினர். அண்ணனுக்கு எதிராகக் கையோங்கேன் என்று மறுத்த அவரும், தம்பி கிளேபும் கொலையுண்டனர். உருசிய நிலத்தில் முதன்முதல் புனிதராகப் போற்றப்பட்டோர் இவ்விருவரே. போர் வென்றதற்காக அல்ல, உடன்பிறப்போடு போரிட மறுத்ததற்காக. இவர்களாக ஆடினால் இவ்விளையாட்டில் தோல்வி உறுதி. எந்தச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது என்று நூறு வகையில் வினவும் இவ்விளையாட்டு, பங்கே வேண்டாம் என்பவனுக்கு ஒரு விடையையும் வைத்திருக்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவன், சொத்தைத் தன்னோடு பங்கிடுமாறு தன் சகோதரனுக்குச் சொல்லும்படி இயேசுவை வேண்டுகின்றான். பங்கு பிரிப்பவராக இருக்க ஆண்டவர் மறுத்துவிடுகின்றார். பேராசையைக் குறித்து எச்சரிக்கின்றார். நேர்மையான பங்கீடு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. எத்துணைச் செம்மையான சட்டமும் இருவரை உடன்பிறந்தோராக்க இயலாது என்பதே பொருள். அதே நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை உயிரோடிருக்கையிலேயே பங்கைப் பிரித்துக் கொடுக்கின்றார். பங்கு பெற்றுச் சென்றவன் திரும்பி வருகின்றான். விளையாட்டில் அவன் படையோடு வருவான். உவமையில் பசியோடு வருகின்றான். அந்தத் தந்தை வெளியே நிற்கும் மூத்தவனையும் தேடிச் சென்று வருந்தி அழைக்கின்றார். எந்தச் சட்டமும் அவரைச் செல்லுமாறு கட்டளையிடவில்லை.

இவ்விளையாட்டை இளையோர் ஆடலாமா என்று கேட்போர்க்கு நம் விடை இது: சூழ்ச்சியும் கொலையும் முறையற்ற உறவும் இடம்பெறுதலின் சிறுவர்க்கு ஆகாது. முதிர்ந்தோர் ஆடட்டும், மூன்றாம் மகன் பிறந்த செய்தியில் தம் மனம் ஏன் சுருங்கியது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு எண்ணட்டும். ஏனெனில் சில சென்ட் நிலத்தின் பொருட்டு, ஒரே ஆலயத்தில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து, சமாதானம் பகிரும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உடன்பிறப்புகள் இல்லாத பங்கு எது? ஆம், ஆலயத்தைச் சூழ்ந்த இறைமக்கள் குடும்பத்துக்கும் நாம் இட்ட பெயர் பங்கு என்பதே. அங்கே பிட்கப்படும் அப்பம் எத்தனை பேருக்குப் பகிர்ந்தாலும் எவர்க்கும் குறைவதில்லை. ஒவ்வொருவர்க்கும் முழுமையாகவே கிட்டுகின்றது. அந்தப் பங்கை ஒன்றாக அமர்ந்து உண்டவர்கள், வீடு திரும்பி வரப்பை அளக்கையில் அதனை நினைவிற்கொள்வார்களாக.